எல்லையோரத்து இசை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இசையைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, தமிழிசையின் தொன்மையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம் என்றே எண்ணினேன். அந்த எண்ணத்தைக் கலைத்தவர் நம் குடியிருப்பைச் சேர்ந்த ஓர் இளைஞர். கல்லூரியில் பொறியியல் படிப்பவர், இசையில் நாட்டமுள்ளவர். சென்ற திங்கள் ஒரு மாலை என் வீட்டிற்கு வந்து, “ஐயா, மேல்நாட்டில் இசைப்புலவர்கள் சாவைப் பற்றி இசை இயற்றுகிறார்கள், எந்திரங்களைப் பற்றி இயற்றுகிறார்கள், நம் காலத்துச் சமூகத்தைப் பற்றி இயற்றுகிறார்கள். நம் கருநாடக இசையோ, பழைய பக்திப் பாடல்களையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்கிறது. இஃது உயிருள்ள இசையா? அல்லது காட்சிச்சாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருளா?” என்று கேட்டார்.

எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. “தம்பி, ஆண்டு விழாவில் சொல்கிறேன்” என்று சொல்லி அனுப்பினேன். அவர் இன்று அதோ மூன்றாம் வரிசையில் இருக்கின்றார். ஆதலின் இப்பேச்சு அவருக்கு நான் பட்ட கடன் என்று கொள்ளுங்கள்.

மேல்நாட்டார் செய்தது

முதலில் அவர் சொன்னதன் நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போரில், 1940-ஆம் ஆண்டு நவம்பரில், இங்கிலாந்திலுள்ள கவன்ட்ரி நகரத்துப் பெருங்கோயில் குண்டுவீச்சினால் இடிந்தது. இடிபாட்டின் அருகே புதிய கோயில் எழுப்பி 1962-ஆம் ஆண்டில் திறந்தபோது, பெஞ்சமின் பிரிட்டன் என்னும் இசைப்புலவர் ஓர் இரங்கல் இசையை அரங்கேற்றினார். இறந்தோர்க்காகத் திருச்சபை ஓதும் இலத்தீன் மன்றாட்டின் இடையிடையே, முதல் உலகப் போரில் மாண்ட வில்ஃபிரட் ஓவன் என்னும் இளங்கவிஞனின் பாடல்களை அவர் வைத்தார். அப்போர் நின்றது 1918 நவம்பர் 11-ஆம் நாள்; ஓவன் வீழ்ந்தது நவம்பர் 4-ஆம் நாள். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் பிழைத்திருப்பான். அந்த ஒரு வாரத்தின் கொடுமையை அந்த இசையில் கேட்கலாம்.

அமெரிக்க நாட்டு ஸ்டீவ் ரைஷ் என்பவர் 1988-ஆம் ஆண்டில் ‘வெவ்வேறு இரயில்கள்’ என்னும் பொருள்படப் பெயரிட்டு ஓர் இசையை ஆக்கினார். போர்க்காலத்தில் சிறுவனாயிருந்த அவர், பிரிந்து வாழ்ந்த தாய் தந்தையரைக் காண நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குமாக இரயிலிலேயே சென்று வந்துகொண்டிருந்தார். தாம் யூதர் ஆதலின், அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் பிறந்திருந்தால் தாம் ஏறியிருக்கக்கூடியது கொலைக்களத்துக்குச் செல்லும் இரயிலாக இருந்திருக்கும் என்று பின்னாளில் எண்ணினார். அவ்வாறு ஏறிப் பிழைத்தவர்களின் பேச்சொலியை ஒலிநாடாவிலிருந்து எடுத்து இசைக்குள் வைத்தார். அவர்கள் பேசும் ஏற்ற இறக்கத்தை நரம்பிசைக் கருவிகள் அப்படியே பின்தொடர்கின்றன. பாடுவார் பின்னே பிடில் போவது நமக்குப் பழக்கமானதுதான். பேச்சின் பின்னே, அதுவும் துயரப் பேச்சின் பின்னே, நரம்பிசைக் கருவி போவது அந்த இசையின் புதுமை.

சாவு, எந்திரம், சமூகம் என்னும் மூன்றும் ஒரே இசையில் வந்து கூடிவிட்டன. நம் இளைஞர் இதைக் கேட்டு வியந்ததில் வியப்பில்லை. ஆனால் இந்த மூன்றையும் தேடிக் கடல் கடந்து போக வேண்டுமா என்பதே என் கேள்வி. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, நாம் நாள்தோறும் பேருந்தில் போய்வரும் இந்தச் சாலையிலேயே மூன்றும் கிடக்கின்றன.

நிலையாமையின் பாட்டு

சாவைப் பற்றிப் பாடத் தமிழனுக்கு எவரும் கற்றுத்தர வேண்டா. நிலையாமையைக் காஞ்சி என்று ஒரு திணையாகவே வகுத்தது தொல்காப்பியம். போரில் புண்பட்டு வீழ்ந்தவன் கிடக்கும் வீட்டில் மகளிர் காஞ்சிப் பண் பாடிக் காத்த செய்தியைப் புறநானூறு சொல்கிறது. பிறந்தால் தாலாட்டு, இறந்தால் ஒப்பாரி என்று வாழ்வின் இரு வாயிலிலும் பாட்டை நிறுத்தி வைத்த குடி நம்முடையது. நாம் வந்து குடியேறிய இந்த மண்ணும் அத்தகையதே. போரில் மாண்ட இரவிக்குட்டிப் பிள்ளையின் கதையைத் தமிழென்றும் மலையாளமென்றும் பிரிக்கவொண்ணாத மொழியில், வில்லடித்துப் பாடிய நாடு இது.

அஃது ஊர்ப்பாட்டு, சாஸ்திரிய இசையில் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. நாகர்கோவிலை அடுத்த வடிவீசுவரத்தில் 1839-ஆம் ஆண்டில் பிறந்து, பத்மநாபபுரத்தில் வாழ்ந்து, 1900-ஆம் ஆண்டில் மறைந்தவர் நீலகண்ட சிவன். திருவிதாங்கூர் முழுதும் அவருடைய தமிழ்ப் பாடல்கள் பரவின. இளமையைத் திருவனந்தபுரத்தில் கழித்த பாபநாசம் சிவன், அவருடைய பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர். நீலகண்ட சிவனுக்கு முகாரி இராகத்தில் ஒரு பாடல் உண்டு. இரக்கத்துக்கு என்றே முகாரியைக் குறிப்பது நம் வழக்கு. கையில் பொருளிருக்கும்போது மொய்க்கும் சுற்றம், பொருள் போனபின் முகத்தைத் திருப்பிக்கொள்வதை அப்பாடலில் அவர் சொல்கின்றார். வயிற்றுக்காக ஓடி ஓடி ஓய்ந்த மனிதன், இருக்கும் நாள் போதாதே என்று கலங்கும் கலக்கம் அதில் இருக்கிறது. அதைப் பக்திப் பாட்டு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் பிழைப்பைத் தேடி ஊரை விட்டு வந்த நம்மவர் ஒருவர் அதைக் கேட்டால், அது தம்மைப் பற்றிய பாட்டு என்று உடனே அறிந்துகொள்வார்.

அந்தப் பாடலைப் பற்றி இன்னொரு செய்தி சொல்ல வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

திறக்காத கதவும் திறந்த கதவும்

இனிச் சமூகத்துக்கு வருவோம். இங்கேதான் நம் இளைஞரின் குற்றச்சாட்டு நெஞ்சில் தைக்கின்றது, தைக்கவும் வேண்டும்.

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் இச்சாலையில் நடைபெறும் ஊர்வலத்தை நீங்கள் அறிவீர்கள். பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி தேவி யானைமீது புறப்படுகின்றாள். வேளிமலையிலிருந்து குமாரசாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் உடன் வருகின்றனர். குழித்துறையில் ஓரிரவு தங்கி, களியக்காவிளையில் எல்லையைக் கடந்து, பாறசாலை வழியே வந்து, நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயிலில் மற்றோர் இரவு தங்கித் திருவனந்தபுரம் சேர்கின்றனர். அந்தச் சரசுவதி கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது வழிவழி வரும் நம்பிக்கை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டு, விளவங்கோடு தமிழகத்திலும் நெய்யாற்றின்கரை கேரளத்திலும் அமைந்தன. வகுத்த கோட்டைத் தேவி பொருட்படுத்தவில்லை. களியக்காவிளையில் ஓர் அரசின் அலுவலர் வழியனுப்ப, மற்றோர் அரசின் அலுவலர் எதிர்கொள்ள, அவள் தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கிறாள்.

தேவி போய்ச் சேருமிடம் கோட்டைக்குள்ளிருக்கும் நவராத்திரி மண்டபம். எதிரொலியை அடக்கி இனிய ஒலி எழும்பொருட்டு மேற்கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கும் மண்டபம் அது. ஒன்பது நாளுக்கும் உரிய ஒன்பது கீர்த்தனைகளைச் சுவாதித் திருநாள் மகாராசா இயற்றி வைத்தார். சங்கராபரணத்தில் தொடங்கும் அந்த வரிசையைப் பாடும் பேறு கிடைப்பதைப் பாடகர் எவரும் பெருமையாகவே கருதுவர்.

அந்த மண்டபத்தில் நெடுங்காலமாகப் பெண்கள் பாடியதில்லை. கொலுவிருக்கும் தேவி ஒரு பெண், கலைகளுக்கெல்லாம் தாய். அவள் திருமுன் பாட மட்டும் ஒரு பெண்ணுக்கு இடமில்லை!

1924-ஆம் ஆண்டில் இதே பாறசாலையில், தமிழ் பேசும் குடும்பத்தில், ஒரு பள்ளித் தலைமையாசிரியரின் மகளாகப் பிறந்தார் பொன்னம்மாள். ஏழு வயதில் இசை கற்கத் தொடங்கினார். திருவனந்தபுரத்தில் 1939-ஆம் ஆண்டில் சுவாதித் திருநாள் இசைக்கல்லூரி தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் நெல்லைச் சீமையைச் சேர்ந்த அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர்! அவருக்குப்பின் வந்தவர் சோழநாட்டுச் செம்மங்குடி சீனிவாச ஐயர். நம்மைப் போல அவர்களும் ஊர்விட்டு ஊர் வந்து இங்கே விளக்கேற்றியவர்களே. அந்தக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி பொன்னம்மாள். பின்னர் அங்கேயே முதல் பெண் ஆசிரியர். அதன்பின் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக்கல்லூரியின் முதல் பெண் முதல்வர். ‘முதல்’ என்னும் சொல் அவர் பெயருடன் ஒட்டிக்கொண்டே சென்றது. ஆனால் தம் ஊரைக் கடந்து போகும் தேவியின் முன் பாடும் வாய்ப்பு மட்டும் வரவில்லை.

அது 2006-ஆம் ஆண்டு நவராத்திரியில் வந்தது. அப்போது அம்மையாருக்கு வயது 81. பாடகர்கள் பலர் குரல் தளர்ந்து ஓய்ந்துவிடும் வயதில், அவர் அந்த மண்டபத்தில் அமர்ந்து பாடினார். அரசரின் கீர்த்தனையையே பாடினார். பழைய இராகத்தையே பாடினார். பாட்டில் ஒரு சொல்லும் புதிதில்லை. எனினும், தம்பி, அன்று அந்த மண்டபத்தில் ஒலித்ததைவிடப் புதிய இசை எது? சமூகத்தைப் பற்றிய பாட்டு வேறு. சமூகத்தை மாற்றும் பாட்டு வேறு. இரண்டாவதில் சொல் பழையதாக இருக்கலாம். பாடுகின்ற வாய் புதியது.

நெய்யாற்றின்கரைக்கும் ஒரு கதை உண்டு. 1888-ஆம் ஆண்டில் இவ்வட்டத்து அருவிப்புறத்தில் நெய்யாற்றங்கரையிலே, கோயிலில் இடம் மறுக்கப்பட்ட மக்களுக்காக நாராயண குரு சிவலிங்கத்தை நிறுவினார். 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. அதற்கு நான்கு ஆண்டு கழித்து, 1940-இல், ஒடுக்கப்பட்ட சமூகத்தில், எளிய குடும்பத்தில் பிறந்தார் வாசுதேவன். கோயில் கதவு திறந்ததென்றால் சங்கீத சபையின் கதவும் உடனே திறந்துவிடும் என்று எண்ணிவிட வேண்டா. நந்தனின் கதையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனமாகப் பாடிய காலந்தொட்டு, மேடையிலிருந்து அதைப் பாடினோர் பலர்; நந்தனின் குலத்தார் மேடையேறியது அரிது. வாசுதேவன் ஏறினார். ஆர்.எல்.வி. கல்லூரியில் பயின்று, இராமநாதபுரத்துப் பெயர் தாங்கிய ராம்நாட் கிருஷ்ணனிடமும் செம்மங்குடியாரிடமும் மேற்பயிற்சி பெற்றார்; திருவனந்தபுரம் வானொலி நிலையத்தில் பல்லாண்டு பணியாற்றினார். 2004-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வந்தது. 2008-ஆம் ஆண்டு மறைந்தார். தம் ஊரை அவர் விட்டுவிடவில்லை. ‘நெய்யாற்றின்கரை வாசுதேவன்’ என்றே தென்னாடு அவரை அறிந்தது. பொன்னம்மாளின் மாணவர் வரிசையைச் சொல்வோர் வாசுதேவனையும் அதில் வைத்துச் சொல்கின்றனர். கதவு மறுக்கப்பட்ட ஒரு பெண், கதவு மறுக்கப்பட்ட குலத்து ஒருவருக்கு ஆசிரியராக நின்றதைக் காட்டிலும் நம் எல்லையோரம் பெருமைப்பட வேறென்ன வேண்டும்?

பாட்டின் சொல்லும் இக்காலத்தில் மாறத்தான் செய்கிறது. 2015-ஆம் ஆண்டு சனவரியில், தம் நாவல் ஒன்றுக்கு எழுந்த எதிர்ப்பினால் மனமுடைந்து, ‘எழுத்தாளன் இறந்துவிட்டான்’ என்று தம் சாவைத் தாமே அறிவித்தார் பெருமாள்முருகன். மறு ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் அவர் மீண்டும் எழுத வழிசெய்து தீர்ப்புரைத்தது. அப்படி மீண்டெழுந்தவர் கீர்த்தனைகள் எழுத, டி.எம். கிருஷ்ணா அவற்றைக் கச்சேரி மேடையில் பாடினார். 2017-இல் அதே பாடகர், எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலுக்கு நடுவே அமர்ந்து, கபேர் வாசுகி எழுதிய புறம்போக்குப் பாடலை ஆனந்தபைரவி முதலிய இராகங்களில் பாடினார். ஊருக்குப் பொதுவான நிலம் தொழிற்சாலைக்குக் குப்பைமேடாகும் துயரத்தைச் சொல்ல, நம் இராகங்களுக்கு வலிமை உண்டென்பதை அது காட்டிற்று. அதை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர். ஆயினும் காட்சிச்சாலைப் பொருளைப் பற்றி யாரும் இப்படிச் சண்டையிடுவதில்லை. சண்டை நடப்பதே உயிர் இருப்பதற்கு அடையாளம்.

கருவி என்ன செய்யும்?

மூன்றாவது, எந்திரம். புதிய கருவியைக் கண்டு நம் இசை அஞ்சியதாக வரலாறு இல்லை. இன்று பிடில் இல்லாமல் கச்சேரி உண்டா? அது மேல்நாட்டிலிருந்து வந்த கருவி. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு சுவாதித் திருநாளின் அவைக்கு வந்து அதை வாசித்தார். அதில் மகிழ்ந்த மன்னர், 1834-ஆம் ஆண்டில் அவருக்குத் தந்தத்தால் ஆன பிடிலைப் பரிசளித்தார். அன்னியக் கருவி நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது.

அடுத்து வந்தது இசைத்தட்டு. ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும் தட்டு அது. மணிக்கணக்கில் விரித்துப் பாடும் இராகத்தை மூன்று நிமிடச் சிமிழுக்குள் அடைக்க வேண்டியதாயிற்று. ஆனால் அந்தச் சிமிழ் ஒரு விந்தையைச் செய்தது. அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டையில் 1906-இல் பிறந்தவர் எஸ்.ஜி. கிட்டப்பா. 1933 டிசம்பரில், முப்பது வயதை எட்டுமுன்னரே மறைந்தார். அவர் குரலை நேரில் கேட்டவர் எவரும் இன்று நம்மிடையே இல்லை. எனினும் விண்ணைத் தொடும் அந்தக் குரலை நாம் இன்றும் கேட்கின்றோம். நம் நாட்டில் சாவை எதிர்த்து எந்திரம் பெற்ற முதல் வெற்றிகளுள் அஃது ஒன்று.

அதன்பின் ஒலிபெருக்கி வந்தது. கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டித் தொண்டையைக் கிழித்துக்கொள்ளும் கட்டாயம் நீங்கியது. மெல்லிய குரலுக்கும் மேடை கிடைத்தது. பெண்களின் தாழ்ந்த சுருதிக்கும் இடம் கிடைத்தது. 1943-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரசின் வானொலி ஒலிபரப்பத் தொடங்கியது. 1950-இல் அது அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. வானொலிக்குக் கதவு இல்லை என்பதை எண்ணிப் பாருங்கள். நவராத்திரி மண்டபத்துள் நுழைய முடியாத பெண்ணின் குரலும், ஒருகாலத்தில் அக்கிரகாரத்துள் நுழைய முடியாதிருந்த குலத்தவரின் குரலும் வான்வழியே எல்லார் வீட்டுக் கூடத்திலும் நுழைந்தன. பிரகடனம் கோயிலுக்குச் செய்ததை, வானொலி ஓசையின்றி வீடுகளுக்குச் செய்தது.

இன்று கணிப்பொறி இன்னும் ஒரு படி தாண்டிவிட்டது. 2024-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘லால் சலாம்’ திரைப்படத்தில், 1997-இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022-இல் மறைந்த பம்பா பாக்கியா ஆகிய இருவரின் குரலையும் எந்திரத்தின் துணையால் மீண்டும் எழுப்பி ஒரு புதிய பாடலைப் பாடச் செய்தார் ஏ.ஆர். ரகுமான், அவர்தம் குடும்பத்தாரின் இசைவைப் பெற்றே அதைச் செய்தார். கிட்டப்பாவின் தட்டு, அவர் பாடியதை மட்டுமே திருப்பித் தந்தது. இந்த எந்திரமோ, இறந்தவர் பாடாததையும் பாடித் தருகிறது. நாளை பொன்னம்மாளின் குரலில் ஒரு புதிய கீர்த்தனை கேட்கலாம். வாசுதேவனின் குரலில் ஓர் ஆலாபனை கேட்கலாம். அப்போது, ‘குரல் இருக்கிறதே, பின் பாடகர் எதற்கு? பயிற்சி எதற்கு?’ என்னும் கேள்வி எழும்.

அதற்கு விடையாகவே, தொடக்கத்தில் நிறுத்தி வைத்த செய்தியைச் சொல்கிறேன்.

ஆச்சியின் பாட்டு

நம் குடியிருப்பில் வாழ்ந்து மறைந்த ஆச்சி ஒருவரை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். பெயர் வேண்டா. நெல்லைப் பக்கத்திலிருந்து கணவரோடு வந்து, இங்கேயே பிள்ளைகளை வளர்த்து, இங்கேயே கண்ணை மூடியவர். மாலையில் விளக்கேற்றியதும் வாசலில் அமர்ந்து நீலகண்ட சிவனின் அந்த முகாரிப் பாடலைப் பாடுவார். சங்கீதம் படித்தவர் அல்லர்; கேட்டுக் கேட்டுப் பாடியவர். இருபது ஆண்டுக்குமேல் அந்தப் பாட்டு என் காதில் விழுந்துகொண்டிருந்தது. நான் ஒருநாள் பக்கத்தில் அமர்ந்து ஓரடியேனும் கற்றுக்கொண்டேனா? இல்லை. ஆனால் என் கைப்பேசியில் ஒருநாள் பதிவு செய்துகொண்டேன். செய்ததும், பெரிய கடமையொன்றை முடித்துவிட்ட நிம்மதி எனக்கு வந்துவிட்டது.

அவர் மறைந்த பதினாறாம் நாள், உறவினர் கூடியிருந்தபோது, அவர் மகன் கேட்டுக்கொண்டபடி அந்தப் பதிவை ஒலிக்கச் செய்தேன். வீடு அடங்கியது. அதே நடுங்கும் குரல். இடையிடையே அதே இருமல். எல்லார் கண்ணிலும் நீர். இரண்டாம் சரணம் தொடங்கியதும் குரல் நின்றுவிட்டது. நான் பதிவு செய்துகொண்டிருந்த அன்று யாரோ அழைத்திருக்கிறார்கள். பதிவு அத்தோடு அறுந்துவிட்டது. அதை நான் அதுவரை திரும்பக் கேட்டுப் பார்த்ததே இல்லை! கேட்டிருந்தால் மறுநாளே போய் முழுதும் பதிந்து வந்திருப்பேன். அவர் அதன்பின் ஈராண்டு உயிரோடிருந்தார்.

எவரும் பேசவில்லை. அப்போது கதவோரத்தில் நின்றிருந்த அடுத்த வீட்டுச் சிறுமி, பதினொரு வயதுக் குழந்தை, நின்ற இடத்திலிருந்தே எடுத்துப் பாடினாள். ஆச்சி எங்கே மூச்சு வாங்குவாரோ அங்கேயே மூச்சு வாங்கிப் பாடினாள். மாலைதோறும் ஆச்சியின் அருகே அமர்ந்திருந்தவள் அவள் ஒருத்திதான் என்பது அப்போதுதான் எங்களுக்கு நினைவு வந்தது. பாடி முடித்ததும் அவள் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். பாடல் முழுதும் மலையாள எழுத்தில் எழுதியிருந்தது. அவள் படிப்பது மலையாளப் பள்ளி. தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. எழுத்து மலையாளம், பாட்டு தமிழ்.

அந்தக் கணத்தில் எனக்கு இரண்டு விளங்கின. எந்திரம் காப்பது குரலை. பாட்டைக் காப்பது மாணாக்கன். குரல் ஒருவருடையது, அவரோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. பாட்டோ ஒரு நெஞ்சிலிருந்து மற்றொரு நெஞ்சுக்கு மாறும்போதுதான் சாவைக் கடக்கிறது. கைப்பேசி இருக்கிறதே என்னும் துணிவில் கற்காமல் விடுவோமானால், கருவியே நம்மைக் கெடுத்ததாகும். பழி கருவியின்மீது அன்று, நம் சோம்பலின்மீதே. இது முதலாவது. அந்தக் குழந்தைக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிக்காதது அவள் குற்றமன்று, நம் குற்றம் என்பது இரண்டாவது.

தம்பி, உன் கேள்விக்கு என் விடை இதுதான். நம் இசை சாவைப் பாடியிருக்கிறது, கருவியை ஏற்றிருக்கிறது, சமூகத்தின் கதவைத் தாமதமாகவேனும் திறந்திருக்கிறது. இனியும் திறக்க வேண்டிய கதவுகள் பல உள. புதிய சொல்லும் வேண்டும். உன்போன்றோர் எழுதுங்கள், இசையுங்கள். ஆனால் அஃது உயிருள்ள இசையா என்று கேட்கும்போது, அதைப் பாடுகிறவர் எத்தனை பேர், கற்பவர் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள். அதற்கு விடை மேடையில் இல்லை. நம் வீடுகளில் இருக்கிறது.

பாறசாலைப் பொன்னம்மாள் 2021-ஆம் ஆண்டு சூன் மாதத்தில், தம் 96-ஆம் வயதில் மறைந்தார். நோய்த்தொற்றினால் உலகமே வீட்டுக்குள் அடைந்திருந்த காலம் அது. அவருடைய ஒலிப்பதிவுகள் உள. அதைவிடப் பெரிய செல்வமாக அவர் பயிற்றிய மாணாக்கர் உளர். அவர்களும் இன்று பயிற்றுகின்றனர். அதனாலேயே அவர் மறைந்தும் பாட்டு நிற்கவில்லை.

ஆதலின் செயற்குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். ஞாயிறுதோறும் மாலை ஒரு மணி நேரம், இதே மன்றத்தில் குழந்தைகளுக்குப் பாட்டு வகுப்பு வையுங்கள். முதல் அரைமணி தமிழ் எழுத்து. மறு அரைமணி பாட்டு. வித்துவானைத் தேடி எங்கும் போக வேண்டா. நம் வீடுகளில் இருக்கும் பாட்டிமார், தாத்தாமார், அத்தைமார் ஆளுக்கொரு பாட்டுச் சொல்லிக் கொடுத்தால் ஓராண்டுக்குப் போதும். அண்டை வீட்டு மலையாளக் குழந்தைகள் வந்தாலும் அமர்த்திக்கொள்ளுங்கள். எல்லையைக் கடக்கும் தேவி அவர்களுக்கும் தாய்தான். எழுத்து கற்பிக்கும் அரைமணியை நானே ஏற்றுக்கொள்கிறேன். இருபது ஆண்டு அந்த வாசலைக் கடந்து போனவனுக்கு அதுவே கழுவாய்.

அடுத்த ஆண்டு விழாவில் என்னைப் பேச அழைக்க வேண்டா. அந்தச் சிறுமியைப் பாட அழையுங்கள். அவள் கையில் இருக்கும் குறிப்பேடு அப்போது தமிழில் எழுதியதாக இருக்கட்டும்.